பழைய மெட்டு, புதிய கை

இசையைப் பற்றிய வாக்குவாதம் எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடலாம். எங்கே போய் நிற்கும் என்று சொல்ல இயலாது. 2020 ஜனவரியில் நமக்கும் நம் தங்கை மகனுக்கும் இடையே மூண்ட வாக்குவாதம் ஜேம்ஸ் பாண்டைப் பற்றியது. ஆம், அந்தப் பிரித்தானிய உளவாளியேதான். அவருடைய ஒழுக்கத்தைப் பற்றி இவ்விதழில் பேச வேண்டியதில்லை. அதை அவரும் அவருடைய ஆன்ம குருவும் பார்த்துக்கொள்ளட்டும். நாம் பேசியது அவருக்காக எழுதப்பட்ட இசையைப் பற்றி.

1962இல் 'டாக்டர் நோ'வுடன் தொடங்கிய அத்திரைப்பட வரிசையில் 25ஆவது படம் 'நோ டைம் டு டை'. ஏப்ரலில் திரைக்கு வரவேண்டிய அப்படத்துக்கு முதலில் அமர்த்தப்பட்டிருந்த டான் ரோமர் விலக, அவரிடத்துக்கு ஹான்ஸ் சிம்மர் வருகிறார் என்ற செய்தி அப்போது வெளியாயிற்று. தங்கை மகன் துள்ளினான். நாமோ, "கெட்டது போ" என்றோம்.

நம் எதிர்ப்புக்குக் காரணம் ஜான் பேரி. 1963 முதல் 1987 வரை அவ்வரிசையில் 11 படங்களுக்கு இசையமைத்தவர் அவர். யார்க் நகரத்தில் பிறந்து, அங்குள்ள ஆங்கிலிக்கன் பேராலயத்தின் இசைத் தலைவர் பிரான்சிஸ் ஜாக்சனிடம் இளமையில் பாடம் கேட்டவர். டிரம்பெட்டும் டிரம்போனும் இறுமாப்போடு முழங்கிக்கொண்டிருக்கும். அவற்றின் அடியில் வயலின்கள் ஏதோ ஒரு துயரத்தை மறைத்துக்கொண்டு நகரும். 'கோல்ட்ஃபிங்கர்' படத்தைக் கேட்டுப் பாருங்கள். தொடக்கப் பாடலின் மெட்டு ஒன்றையே எடுத்து, ஓரிடத்தில் மிரட்டலாகவும் மற்றோரிடத்தில் மயக்கமாகவும் உருமாற்றிப் படம் நெடுக ஓடவிட்டிருப்பார். மெட்டுதான் அவருக்கு முதலும் முடிவும்.

சிம்மர் வேறு வகையினர். 1957இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் பிறந்த அவர், மெட்டைவிட ஒலியின் பருமனையும் திரும்பத் திரும்ப வரும் சிறு சொற்றொடரின் வேகத்தையும் நம்புகிறவர். 2010இல் வந்த 'இன்செப்ஷன்' படத்தில் அவர் எழுப்பிய அடித்தொண்டை முழக்கத்தை, பின்வந்த ஆண்டுகளில் விளம்பரப் படங்கள்கூட விட்டுவைக்கவில்லை. உதவியாளர் பலரை வைத்துக்கொண்டு தொழிற்கூடம்போல் இசை செய்கிறவர் என்பது நம் அடுத்த குற்றச்சாட்டு.

"'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' படத்தில் மோசேக்கு இசையமைத்தவர் ஓர் உளவாளிக்கு இசையமைக்கக் கூடாதா, மாமா?" என்றான் அவன்.

நாம் எரிக் செராவை இழுத்து வந்தோம். 1995இல் 'கோல்டன் ஐ' படத்துக்கு இசையமைத்த பிரெஞ்சுக்காரர் அவர். வீட்டின் வழக்கம் என்னவென்று கேளாமல் தம்முடைய மின்னணு ஒலிகளையே நிரப்பினார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வீதிகளில் பீரங்கி வண்டி ஓடும் காட்சிக்கு, பழைய பாண்ட் மெட்டை வைத்து ஜான் ஆல்ட்மன் என்பவர் மறுபடி இசை எழுத வேண்டியதாயிற்று. அடுத்து வந்த டேவிட் ஆர்னால்டைப் பரிந்துரைத்தவரோ பேரியே. அந்த ஆர்னால்டு 2006இல் 'கசினோ ராயல்' செய்தபோது, புதிய பாண்ட் இன்னும் பாண்டாக ஆகவில்லை என்று சொல்லி, அப்புகழ்பெற்ற மெட்டை முழுமையாக ஒலிக்கவிடாமல் கடைசிவரை பொறுத்திருந்தார். பொறுமை என்றால் அதுவல்லவா என்றோம்.

அவன் அந்த மெட்டையே நம்மீது திருப்பினான். பாண்டின் அடையாளமாக உலகமே அறிந்த அந்த கிதார் மெட்டு எங்கிருந்து வந்தது? அதை எழுதிய மாண்டி நார்மன், டிரினிடாட் தீவில் குடியேறிய இந்தியர்களைப் பற்றிய வி. எஸ். நைபாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை இசை நாடகமாக்க முயன்றார். மேடையேறாமற் போன அந்நாடகத்துக்கென எழுதிய பாட்டொன்றின் மெட்டையே பிறகு உளவாளிக்குக் கொடுத்தார். பேரி அதற்கு உடை உடுத்தினார். மெட்டு யாருடையது என்ற வழக்கு 2001இல் லண்டன் நீதிமன்றம்வரை சென்று, தீர்ப்பு நார்மன் பக்கம் வந்தது. "கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்மவர்களுக்காகப் பிறந்த மெட்டு ஆங்கிலேய உளவாளிக்குப் பொருந்தலாம், சிம்மர் மட்டும் பொருந்தமாட்டாரா?" என்று கேட்டான். நமக்கு உடனே விடை தோன்றவில்லை. தோன்றாதபோது மூத்தவர்கள் செய்வதையே செய்தோம்: குரலை உயர்த்தினோம்.

உண்மையில் அன்று நாம் பேசியது சிம்மரைப் பற்றி மட்டுமன்று. நம் பங்கின் பாடகர் குழுவை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் ஆர்மோனியத்தோடு நடத்தி வருகிறோம். தங்கை மகன் அதில் கீபோர்டு வாசிக்கிறவன். தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதையின் நிலைகளுக்கிடையே நம் மக்கள் பாடும் பழைய மெட்டு ஒன்று உண்டு. மறைந்த உபதேசியார் ஒருவர் நமக்கு வாய்மொழியாகக் கற்பித்தது. அவருக்கு யார் கற்பித்தார் என்று அவரே அறியார். அம்மெட்டின் அடியில், சிம்மர் பாணியில், விடாமல் ஒலிக்கும் தாழ்ந்த சுரம் ஒன்றை வைக்கலாம் என்று அவன் சில வாரங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆலயம் திரையரங்கன்று என்று மறுத்தோம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஆளில்லாத ஆலயத்தில் அவன் தனியே ஓர் இசையை வாசித்துக்கொண்டிருந்தான். மெல்லத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து செல்லும் அதனைக் கேட்டு, நற்கருணைக்குப் பின் வரும் தியான நேரத்துக்கு உகந்தது என்று நாமே பாராட்டினோம். அது சிம்மருடையது, 'தி டா வின்சி கோட்' படத்தில் வருவது. 2006இல் அப்படத்துக்கு எதிராக நம் பங்கில் கையெழுத்துத் திரட்டியபோது முன்வரிசையில் நின்றவர்களில் நாமும் ஒருவர். தமிழக அரசு தடை விதித்ததும், பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். நாம் இட்ட கையெழுத்துக்காக இன்றும் வருந்தவில்லை. ஆயினும் அந்த இசை நம்மை முழந்தாட்படியிடச் செய்தது என்பதையும் மறைக்க இயலவில்லை.

2020 தவக்காலத்தின் முதல் வெள்ளியன்று, நம்மிடம் கேளாமலே அவன் அத்தாழ்ந்த சுரத்தை வாசித்துவிட்டான். மக்கள் முன்னிலையில் கையை நீட்டிக் கீபோர்டின் விசையை அணைத்தோம். அவன் ஒன்றும் பேசவில்லை. இறுதி நிலைவரை நின்றுவிட்டுப் போனான். சில வாரங்களில் பெருந்தொற்று வந்து ஆலயக் கதவுகள் சாத்தப்பட்டன. அவ்வாண்டுப் புனித வாரம் மக்களின்றிக் கழிந்தது. கதவுகள் மீண்டும் திறந்தபின்னரும் அவன் குழுவுக்கு வரவில்லை. தங்கை ஒருமுறை கேட்டாள், "அண்ணா, ஒரு விசைக்காகவா?" என்று.

படம் தள்ளித் தள்ளி 2021இல்தான் வெளிவந்தது. அக்டோபரில் ஒரு நாள் நாமே அவனைத் தொலைபேசியில் அழைத்து, இருவருமாகச் சென்றோம். முகக்கவசத்தோடு, இடையில் ஓர் இருக்கை விட்டு அமர்ந்தோம். பேசாதிருக்க அது வசதியாயிருந்தது.

தென் இத்தாலியின் மத்தேரா நகரம் திரையில் விரிந்தது. பசோலினி 1964இல் மத்தேயு நற்செய்தியைப் படமாக்கியதும், மெல் கிப்சன் ஆண்டவருடைய பாடுகளைப் படமாக்கியதும் அதே குகைவீட்டு நகரத்தில்தான். அங்கே நாம் எதிர்பாராத ஒன்று ஒலித்தது: பேரியின் மெட்டு. 1969 படத்தில், திருமண நாளிலேயே மனைவியை இழக்கும் பாண்டுக்காகப் பேரி அமைத்து, லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய பாட்டின் மெட்டு. ஆம்ஸ்ட்ராங் அப்போது டிரம்பெட்டை எடுத்து ஊத இயலாத அளவுக்கு நோயுற்றிருந்தார்; குரலை மட்டுமே தந்தார். சிம்மர் அந்தப் பழைய மெட்டைத் தம் இடிமுழக்கத்தில் மூழ்கடிக்கவில்லை. அடியில் மெல்லிய விரிப்பொன்றைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். இறுதியில், பாண்டு சாவை ஏற்கும் காட்சியில்தான் தம் சொந்தக் குரலை எடுத்தார். எளிய சொற்றொடர் ஒன்று படியேறிப் படியேறிச் செல்கிறது. படம் முடிந்து எழுத்துகள் ஓடுகையில் ஆம்ஸ்ட்ராங்கே வந்து பாடினார்.

நம் குறை முழுதும் தீரவில்லை. துரத்தல் காட்சிகளில் வழக்கமான ஆரவாரமே. வீட்டுக்கு வந்து முணுமுணுக்க ஒரு புதிய மெட்டும் கிடைக்கவில்லை. பேரியாக இருந்தால் மூன்று கொடுத்திருப்பார். அதை அவனிடம் சொன்னோம். அவன் மறுக்கவில்லை. "ஆனால் அழிக்கவில்லையே, மாமா" என்றான். திரும்பும் வழியில் 'இன்டர்ஸ்டெல்லர்' படத்துக்காக லண்டனிலுள்ள டெம்பிள் ஆலயத்தின் ஆர்கனை அவர் பயன்படுத்தியதைச் சொன்னான். 12ஆம் நூற்றாண்டின் ஆலயம் அது. பேரி ஆலய இசைத் தலைவரிடம் கற்றார் என்று நாம் பெருமை பேசியபோதெல்லாம் இதனை அவன் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "நீங்கள் எங்கே பேச விட்டீர்கள்?" என்றான்.

அன்றிரவு திருவழிபாடு பற்றிய வத்திக்கான் சங்க ஏட்டை எடுத்துப் பார்த்தோம். 1963இல் வந்தது, பேரி தம் முதல் பாண்ட் படத்தை முடித்த அதே ஆண்டு. ஆர்கனை உயர்வாக மதிக்கச் சொல்லும் அதே பத்தி, தூய பயன்பாட்டுக்குத் தகுந்தவையும், தகுதியாக்கப்படக் கூடியவையுமான பிற கருவிகளுக்கும் இடந்தருகிறது. தகுதியாக்கப்படக் கூடியவை என்ற பகுதியை இத்தனை ஆண்டுகளாக நாம் வேகமாகப் படித்துத் தாண்டியிருக்கிறோம்.

2022 மார்ச் 4, தவக்காலத்தின் முதல் வெள்ளி. முதல் மூன்று நிலைகளுக்கு ஆர்மோனியம் மட்டும். நான்காம் நிலையில், மகனைத் தாய் சந்திக்கும் இடத்தில், நாம் அவனைப் பார்த்துத் தலையசைத்தோம். கேட்டும் கேளாததுமாக ஒரு சுரம் தரையிலிருந்து எழுந்தது. உபதேசியாரின் மெட்டு அதன்மீது அப்படியே நின்றது. ஒன்பதாம் நிலைக்குமேல் ஒலியைச் சற்று மிகுதியாக்கிவிட்டான். அதையும் பிறகு கண்டித்தோம். மூதாட்டி ஒருவர் வெளியே வந்து, இன்று பெட்டியைச் சரிசெய்துவிட்டீர்களா, நன்றாகக் கேட்டதே என்றார்.

2025 ஜூன் இறுதியில், திரு இருதயப் பெருவிழாவுக்கு முந்தைய நாள் ஒத்திகைக்கு அவன் தாமதமாக வந்தான். அடுத்த பாண்ட் படத்தை டெனி வில்நெவ் இயக்கப்போகிறார் என்ற அறிவிப்பு வந்திருந்தது. அவருடைய 'டியூன்' படங்களுக்குச் சிம்மர்தான் இசை. ஆகவே மறுபடியும் அதே கேள்வி. வரக்கூடாது, ஒருமுறை போதும், மெட்டுக் கட்டத் தெரிந்த இளைஞர் எவரையேனும் தேடட்டும் என்றோம். அவன் கீபோர்டின் உறையைக் கழற்றாமலே மறுப்புரையைத் தொடங்கினான். குழுவினர் புத்தகங்களை விரித்துக் காத்திருந்தனர். நாம் ஆர்மோனியத்தின் துருத்தியைத் திறந்தோம். அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.