சீதன வீடும் சித்திரை வெயிலும்

‘வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைப் பண்ணிப்பார்’ என்பது முதுமொழி. இவ்விரண்டும் வெவ்வேறு காலங்களில் வந்து மனிதனைச் சோதிப்பன என்னும் எண்ணத்திலேயே அது பிறந்திருத்தல் வேண்டும். கல்முனைக் கரையிலோ அவை ஒரே வேளையில் வருகின்றன. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கரையோரமாக அமைந்துள்ள முஸ்லிம் ஊர்களில் மகளுக்கு மணம் பேசுவதென்றால் அவளுக்கு ஒரு வீடு கட்டுவதென்றே பொருள். மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வார். வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும். ஆகவே, முதல் வீடு தேடுவோர் என்று உலகெங்கும் பேசப்படும் இளந்தம்பதியரின் இடத்தில் இங்கு நிற்பவர் பெண்ணின் வாப்பாவே ஆவார்.

மருதமுனையில் அத்தகைய ஒருவர் இருக்கின்றார். கைத்தறி நெசவே அவர் தொழில். 1977 இல் மணமுடித்து மனைவியின் வீட்டுக்கு வந்தபோது, அது செங்கற் சுவரும் ஓட்டுக்கூரையும் முன்விறாந்தையும் கொண்ட சிறு வீடாக இருந்தது. சுற்றிலும் தென்னை நின்றது. மின்சாரம் அவ்வீட்டுக்கு அப்போது வந்திருக்கவில்லை. அதன் குறையும் பெரிதாகத் தோன்றவில்லை. சூடேறிய காற்று ஓட்டிடுக்குகளால் வெளியேற, கடற்காற்று விறாந்தை வழியே உள்ளே வந்தது. 1978 நவம்பர் 23 ஆம் திகதி கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளி ஒரே இரவில் அக்கூரையைப் பிரித்தெறிந்தது. சேதமுறாத ஓடுகளைப் பொறுக்கியெடுத்துத் திரும்பவும் வேய்ந்தனர்.

2002 இல் மூத்த மகளுக்குக் கடலோரத்தில் ஒரு வீடு கட்டினார். 2004 டிசம்பர் 26 இல் கடல் அதனை அத்திவாரம் வரை கொண்டுபோயிற்று. உயிர்கள் தப்பின. இலங்கையில் அவ்வழிவால் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே என்பதை நினைக்கையில், அக்குடும்பம் அதனைப் பெரும் பேறாகவே கருதியது. 2007 இல் இளைய மகளுக்குத் தாய்வளவின் ஒரு கூற்றில் வீடெடுத்தபோது, கொங்கிரீட் தூண் நிறுத்திக் கொங்கிரீட் தட்டே கூரையாக இட்டார். காற்றுக்கும் கடலுக்கும் ஒவ்வொரு வீட்டைப் பறிகொடுத்த மனிதர் வேறெதனை நம்புவார்? அன்றியும், தட்டின் மேல் நீட்டிவிடப்பட்ட கம்பிகள் பின்னொரு நாளில் எழக்கூடிய மேல்மாடிக்கு உரியவை. பெண்மக்கள் பெருகப் பெருக வளவு கூறாகிக் குறுகும் ஊரில், நிலம் இல்லாதபோது வீடு மேல்நோக்கித்தான் வளர வேண்டும். எனவே, கொங்கிரீட்டை வெறும் பகட்டென்று ஒதுக்குதல் நியாயமன்று.

எனினும், அத்தட்டுக்கு ஒரு விலை இருந்தது. அதனைக் கொடுத்தவர் வாப்பா அல்லர்; மகளே.

கல்முனை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஏழரைப் பாகையில் உள்ளது. சித்திரை பிறப்பதற்குச் சில நாள் முன்னும், ஆவணியின் பிற்பகுதியிலும் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும். அதனால் வெயிலின் பெரும்பங்கை ஏற்பது கூரையே. அடுத்தன கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும். வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் இரண்டடி இறவாரமே காத்துவிடும். பகலெல்லாம் வெயில் குடித்த தட்டு, இரவில் அவ்வெப்பத்தைக் கீழே உறங்குவோர்மேல் விடுகின்றது. மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் நள்ளிரவு கடந்தும் அறை தணிவதில்லை.

இளையவளின் வீட்டில் மூன்று மின்விசிறிகள் சுழல்கின்றன. 75 வாற்று விசிறியொன்று நாளொன்றுக்குப் பத்து மணிநேரம் சுழன்றால் மாதத்தில் 22 அலகுக்குச் சற்று மேற்படும். மூன்றுக்கும் 67 அலகுக்கு மேல். வீட்டு மின்கட்டணத்தில் மாதம் 60 அலகு என்பது ஒரு வரம்பு. அதனைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே விலை மாறும். விளக்கையும் குளிர்சாதனப் பெட்டியையும் கணக்கிற் சேர்க்கும் முன்னரே அவ்வீடு வரம்பைக் கடந்துவிடுகின்றது. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் உயர்ந்தபோது அவள் அதன் கனத்தை அறிந்தாள். பின்னர் குறைப்புகள் வந்தன, வெப்பம் குறையவில்லை. 30 வாற்று அளவில் இயங்கும் புதுவகை விசிறிகள் அச்செலவைப் பாதிக்குக் கீழ் இறக்கும் என்பது உண்மையே. ஆயினும், நோயைத் தீர்க்காது மருந்தை மலிவாக்குவது போன்றதே அது.

இப்போது மூத்தவளின் மகளுக்கு மணம் பேசப்படுகின்றது. தாய்வளவில் எஞ்சிய கடைசிக் கூறு அவளுக்கெனக் குறிக்கப்பட்டுள்ளது. 2021 இன் நடுப்பகுதியில் ஆயிரம் ரூபாயளவில் இருந்த 50 கிலோ சீமெந்து மூட்டை, 2022 இல் மூவாயிரம் வரை ஏறிய அனுபவம் எவருக்கும் மறக்கவில்லை. வட்டிக்குக் கடன்பெற மனம் ஒப்பாத குடும்பம் அது. கையில் பணம் சேரச் சேரவே சுவர் எழும். இந்நிலையில் குளிர்ந்த வீடு என்பது செல்வர்க்குரிய பேச்சு எனப் பலர் கருதுவர். உண்மை அதற்கு மாறானது. வீட்டைக் குளிர்விப்பனவற்றுட் சில செலவே இல்லாதவை. ஆனால், அவை அத்திவாரத்துக்குக் கயிறு பிடிக்கும் நாளிலேயே முடிவுசெய்யப்பட வேண்டியவை. நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்க நிற்றல், குளியலறையும் சாமான் அறையும் மேற்கு வெயிலை மறைத்து நிற்றல், கடற்காற்று வரும் கிழக்கில் விறாந்தை அமைதல் ஆகியவற்றுக்கு ஒரு மூட்டை சீமெந்தும் மேலதிகமாக வேண்டுவதில்லை.

யன்னலைப் பற்றிய சிக்கல் இவ்வூர்களுக்கே உரியது. அயல்வீடு சில அடித் தொலைவில் நிற்க, பெண்களின் மறைவுக்காக யன்னல்கள் பகலிலும் சாத்தப்பட்டே கிடக்கின்றன. காற்று வேண்டி வைத்த யன்னல் சுவராகிவிடுகின்றது. கண்மட்டத்துக்கு மேலே, எதிரெதிர்ச் சுவர்களில், துளையிட்ட சீமெந்துக் கற்களை ஒரு வரிசை பதித்தால் காற்று நுழையும், பார்வை நுழையாது.

கூரைக்கும் வழியுண்டு. கேரளத்தில் எளியோர்க்கு வீடு கட்டுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட லோரி பேக்கர் (1917-2007), தட்டின் அடிப்பகுதியில் வெறும் பாரமாகவே நிற்கும் கொங்கிரீட்டைக் குறைத்து, அவ்விடத்தில் பழைய ஓடுகளைப் பதித்தார். செங்கல்லை விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையால் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு கல்லையும் மிச்சப்படுத்தினார். அவ்வெற்றிடமே வெப்பத்தையும் தடுத்தது. உப்புக்காற்றுள்ள கரையில் கம்பி துருவேறாதிருக்கப் போதிய கொங்கிரீட் மூட வேண்டுமாதலின், இதனைப் பொறியியலாளரின் மேற்பார்வையிலேயே செய்தல் வேண்டும். தட்டின் மேல் வெள்ளைச் சாந்து பூசுவதற்கோ அத்தகைய மேற்பார்வையும் வேண்டுவதில்லை.

கட்டுவோரின் சொல்லைக் கேட்டு வீடு வரைவதும் நமக்குப் புதிதன்று. 1950களில் கண்டி வட்டப்புலுவையில் மினெற் டி சில்வா, குடியேற இருந்தோரின் தேவைகளைக் கேட்டறிந்தே வீடுகளை வகுத்தார். 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், ஏழைகள் சிறுகச் சிறுகத் தாமே கட்டுவர் என்னும் உண்மையை ஏற்று, சிறுகடன் வழங்கியது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பொறியியற் பீடத்துடன் இயங்குகின்றது. கல்முனையில் மாநகர சபை இருக்கின்றது. ஒடுங்கிய வளவுக்கும் படிப்படியான கட்டுமானத்துக்கும் ஏற்ற சில மாதிரி வரைபடங்களை இவ்விரண்டும் சேர்ந்து மலிவாக வழங்குமாயின், மேசன்மாரின் கைக்கு அவை விரைவிற் போய்ச் சேரும்.

சீதன வீட்டு வழக்கம் பெண்ணின் பெயரில் ஒரு கூரையை உறுதிசெய்கின்றது. அதே வழக்கம் பல தகப்பன்மாரின் ஆயுளையும் உறிஞ்சுகின்றது. அது மாற வேண்டுமா என்பது பெரிய கேள்வி. சமுதாயமே கூடி விடைகாண வேண்டியது. வழக்கம் நிலைக்கும்வரையேனும், மணம் பேசும் சபையில் வீட்டின் சதுர அடியை எண்ணுவோர், அதில் வாழப்போகிறவள் மாதந்தோறும் செலுத்தும் பணத்தையும் எண்ணுதல் முறையாகும். கட்டும் நாளின் விலை வாப்பாவுடையது. அதன் பின்வரும் நாற்பது ஆண்டுகளின் விலை மகளுடையது.

மருதமுனை நெசவாளர் இவ்வளவையும் கணக்கிட்டுப் பார்த்தவர் அல்லர். ஆனால், மாப்பிள்ளை வீட்டார் தட்டு வீடே கேட்டபோது அவர் மறுக்கவில்லை. 1978 இல் பொறுக்கியெடுத்த ஓடுகள் தாய்வீட்டின் கூரையில் இன்றும் உள்ளன. அவ்வீட்டைப் பிரிக்கும்போது அவற்றை உடையாமல் இறக்கி, பேத்தியின் தட்டுக்குள் பதிக்கலாமா என்று மட்டும் மேசனிடம் கேட்டிருக்கின்றார். பொறியியலாளர் ஒருவரைக் கேட்டுச் சொல்வதாக மேசன் போயிருக்கின்றார். அத்திவாரத்துக்குக் கயிறு இன்னும் பிடிக்கப்படவில்லை.