காற்றுக்கு எத்தனை பெரிய வாய் வேண்டும்?

ரயில்வேயில் ஓய்வு பெற்ற கிழவர் வேகக் கார்களைப் பற்றி எழுதப் புகுந்தாரே என்று அன்பர்கள் நகைக்கலாம். சென்ற ஆண்டு மிச்சிகனில் மகன் இல்லத்தில் நான்கு திங்கள் தங்கியிருந்தோம். முப்பது ஆண்டுகள் கல்யாண் டீசல் ஷெட்டில் எண்ணெயோடும் இரும்போடும் பழகிய நமக்கு, அவனுடைய கார்க் கொட்டகையே கோயில் பிரகாரமாயிற்று. அங்கு நின்றது 2013-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங். 5 லிட்டர், எட்டு சிலிண்டர். அதன்மேல் ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜர் ஒன்றையும் பின்னாளில் பூட்டியிருந்தான்.

அதுவும் போதாதென்று, நாம் சென்று சேருமுன்னரே த்ராட்டில் பாடியையும் மாற்றிவிட்டான். காற்று புகும் வாயில், ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்ப ஒரு வட்டத் தகடு திறந்து மூடுமே, அந்த உறுப்பு. கம்பெனி வைத்தது 80 மில்லிமீட்டர். இவன் வாங்கியது 90. பத்துதானே என்று எண்ணற்க. விட்டத்தின் வர்க்கப்படி பரப்பு வளர்வதால், வழி நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே அகன்றுவிடும்.

விளைவு யாதெனின், சிக்னலில் காலை மெல்ல வைத்தாலும் வண்டி பாய்ந்தது. தகடு சிறிது திறந்தாலே முன்னிலும் மிகுந்த காற்று புகுகிறது. கணினிக்கோ பழைய கணக்குத்தான் தெரியும். ஒருநாள் முன்னே நின்ற வண்டியை இடிக்காமல் தப்பியது தெய்வச்செயல். மருமகள் ஒரு சொல்லும் பேசவில்லை. வீடு வந்ததும் பேத்தியின் இருக்கையைக் கழற்றித் தன் வண்டியில் பொருத்திக்கொண்டாள்.

அன்றிரவு மகன் வந்து, "அப்பா, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். படிப்பு முடித்தபின் அவன் நம்மிடம் கேட்ட முதல் யோசனை இதுவே.

நமக்கோ உள்ளூர அச்சம். நாம் அறிந்த டபிள்யூ.டி.எம்.2 எஞ்சினுக்கு 2600 குதிரைத்திறன் உண்டு, டர்போ உண்டு; காற்றை மறிக்கும் தகடு கிடையாது. எண்ணெயைக் கூட்டியும் குறைத்தும் ஆற்றலை ஆள்வதே டீசலின் வழக்கம். ஆயினும் காற்றின் குணம் எங்கும் ஒன்றுதானே! இவன் வண்டியில் தகடு சூப்பர்சார்ஜருக்கு முன்னே நிற்கிறது. அங்கு இழக்கும் சிறு அழுத்தம், காற்று அமுக்கப்பட்டு வெளிவரும்போது அதே விகிதத்தில் பெருகிய நஷ்டமாகிறது. ஆதலின் வழி அகல வேண்டுமென்று அவன் நினைத்ததில் பிழையில்லை. அளக்காமல் வாங்கியதே பிழை.

பழைய 80-ஐ மீண்டும் பூட்டினோம். சக்கரங்களை உருளைகள்மேல் ஓடவிட்டு வலிமை அளக்கும் பட்டறைக்குச் சென்று, தகட்டுக்கு முன்னும் பின்னும் வெற்றிடமானியை இணைத்தோம். தகடு முழுதும் திறந்த நிலையில் பின்னே பாதரசம் 2 அங்குலம், முன்னே 1.5. த்ராட்டில் பாடி தின்றது அரை அங்குலமே! கள்வன் காற்று வடிகட்டியிலும் அதன் குறுகிய குழாயிலும் ஒளிந்திருந்தான்.

அவ்விரண்டையும் அகலமாக வாங்கினான். காற்றை அளக்கும் உணரி அக்குழாயில் அமர்வதால், கணினியின் கணக்கையும் பட்டறையிலேயே திருத்தினார்கள். (இதைப் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று: உற்பத்தியாளர் குறித்த அமைப்பினின்று வண்டியை மாற்றுவதை நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது; 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை வற்புறுத்தியுள்ளது.)

90-ஐ விற்றவர் திரும்பப் பெற மறுத்துவிட்டார். அது இப்பொழுது செம்பூரில் நம் மேசைமேல், விசிறிக் காற்றில் சங்க இதழ்கள் பறவாவண்ணம் அமர்ந்திருக்கிறது. வண்டி பசுவைப்போல் நடக்கிறதென்று மகன் எழுதுகிறான். பேத்தியின் இருக்கை மட்டும் இன்னும் மருமகள் வண்டியில்தான் இருக்கிறது.