சேம அச்சு

வெளியூருக்குச் செல்லும் வழியைவிட வீடு திரும்பும் வழியே மாந்தர்க்கு நீண்டதாகத் தோன்றும். செல்லும்போது காட்சிகளில் கண் ஈடுபடும். திரும்பும்போதோ உள்ளம் முன்னே ஓடி வாயிற்படியில் நின்றுகொண்டு, உடம்பின் வரவை எதிர்நோக்கும். அவ்வேளையில் ஊர்தி இடைவழியில் நின்றுவிட்டால், எஞ்சிய வழி ஒரு காதமாயினும் ஒன்பது காதமாகிவிடும். இவ்வல்லல் இக்காலத்துக் கார்களுக்கும் லாரிகளுக்கும் மட்டும் உரியதன்று. சக்கரம் சுழலத் தொடங்கிய காலந்தொட்டே அச்சு முறிதலும் உண்டு. அதற்கு மாற்றுத் தேடிய அறிவும் உண்டு.

பண்டைத் தமிழகத்தில் உப்பு வணிகரை உமணர் என்றனர். அவர்கள் கடற்கரையில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு நெடுவழி சென்றனர். காட்டு வழியில் அச்சு முறிந்தால் தச்சனைத் தேடி எங்கே செல்வது? ஆதலின், வண்டியின் அடியில் மற்றோர் அச்சினைக் கட்டிக்கொண்டே அவர்கள் புறப்பட்டனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். சேமம் என்பது பாதுகாப்பு. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் நெடுமான் அஞ்சியின் மகனாகிய பொகுட்டெழினியை இச்சேம அச்சுக்கு ஒப்பிடுகின்றார்.

இப்பாட்டை நான் கற்பித்த நாள்களில், “அரசன் மகனைச் சிங்கத்துக்கு ஒப்பிடாமல், வண்டியின் அடியில் தொங்கும் கட்டைக்கு ஒப்பிடலாமா, ஐயா?” என்று மாணவர் சிலர் கேட்பர். சிங்கம் அஞ்சத்தக்கது, சேம அச்சோ நம்பத்தக்கது. வழியில் இடர் வந்த நொடியில் பெருமை பேசாது தோள் கொடுப்பது அது. இதனினும் உயர்ந்த புகழ்ச்சி வேறு உண்டோ என்பதே நான் அவர்களுக்குக் கூறிய விடை.

மேல்நாட்டார்க்கும் இத்தேவை எழுந்தது. தொடக்க காலத்து மோட்டார் வண்டிகளில் மாற்றுச் சக்கரம் இருந்ததில்லை. 1904ஆம் ஆண்டில், வேல்சு நாட்டின் லனெல்லி நகரில் டேவிஸ் என்னும் குடும்பப் பெயருடைய உடன்பிறந்தார் இருவர், பழுதுற்ற சக்கரத்தின்மேல் பொருத்தத்தக்க ஒரு மாற்றுச் சக்கரத்தை அமைத்தனர். அவர்களுடைய கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. அத்தெருவின் பெயரே கடல் கடந்து வந்து, நம் நாட்டுப் பட்டறைகளில் மாற்றுச் சக்கரத்தின் பெயராய் நிலைத்துவிட்டது. உமணரின் சேம அச்சும் நம் ஸ்டெப்னியும் ஒரே அறிவின் இரு வடிவங்கள்.

ஆயினும், எல்லாப் பழுதுக்கும் மாற்றுப் பொருளைக் கையோடு கொண்டு செல்லுதல் இயலாது. அத்தகைய வேளையில் நமக்குச் சேம அச்சாவது யாது? இவ்வினாவுக்குரிய விடையை நான் ஏட்டில் கற்றேனல்லேன், சாலையில் கண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், என் தமக்கையார் பெங்களூரில் நெஞ்சு நோய்க்கு மருத்துவம் பெற்று, எங்கள் ஊராகிய மல்லசமுத்திரத்துக்குத் திரும்பினார். அவருக்கு அப்போது வயது 74. வெயிலும் களைப்பும் அவரை அணுகலாகாது என்பது மருத்துவர் கட்டளை. அவர் மகன் காரை ஓட்ட, நானும் உடன் இருந்தேன். ஒசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் வழியாக 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி அது. காலம் கத்திரி வெயில் காலம். பழைய தகடூராகிய தருமபுரியைக் கடக்கையில், அதியமான் ஆண்ட ஊர் இதுவே என்று தமக்கையாரிடம் கூறினேன். அவர் புன்முறுவல் செய்து, “வீட்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம், தம்பி?” என்று கேட்டார்.

தொப்பூர்க் கணவாய்க்குச் சற்று முன்னர், காரின் முன்புறத்திலிருந்து வெண்மையான ஆவி எழுந்தது. வெப்பங்காட்டும் முள் எல்லையைத் தொட்டு நின்றது. மருமகன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். குளிர்காற்றுப் பொறி ஓய்ந்தது. காரின் உள்ளே அனல் பெருகிற்று. தமக்கையாரின் நெற்றியில் வியர்வை அரும்பியது. தருமபுரியிலுள்ள ஒரு பட்டறைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, ஆள் வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றனர். சாலையில் ஊர்திகள் காற்றைக் கிழித்துக்கொண்டு பறந்தன. ஒருவரும் நிற்கவில்லை.

மருமகன் பதற்றத்தோடு ரேடியேட்டர் மூடியின்மேல் கை வைத்தான். அந்நேரத்தில், “தம்பி, கையை எடுங்கள்!” என்று ஓர் உரத்த குரல் கேட்டது. எங்களுக்குப் பின்னே ஒரு லாரி வந்து நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் இறங்கி விரைந்து வந்தார். அடுப்பின்மேல் உள்ள குக்கரை ஆவி அடங்குமுன் திறப்பாருண்டோ என்று அவர் கேட்டார். மூடிய ரேடியேட்டரினுள் நீர் அழுத்தத்தோடு அடைபட்டிருத்தலால், வழக்கமான கொதிநிலையைக் கடந்தும் அது கொதியாதிருக்கும். மூடி திறந்து அழுத்தம் நீங்கிய கணமே பொங்கி முகத்தில் பாயும். கல்லூரிப் படிப்புப் பெற்ற என் மருமகனுக்கு இதனைச் சொன்னவர் பள்ளியில் மிகுதியாகப் பயின்றவர் அல்லர்.

அடுத்து அவர் செய்தவை யாவும் ஒழுங்குபட நிகழ்ந்தன. முதலில் அவர் காரைப் பார்க்கவில்லை; தமக்கையாரைப் பார்த்தார். “ஆத்தாவுக்கு நெஞ்சில் வலி உண்டா? உண்டென்றால் காரை மறந்துவிட்டு 108க்குச் சொல்லுங்கள்” என்றார். வலியில்லை, தாகமே என்று அறிந்ததும், அருகிருந்த வேப்ப மரத்து நிழலில் தம் போர்வையை விரித்து அவரை அமரச் செய்து, தம் தண்ணீரைக் கொடுத்தார். உடன் வந்த கிளீனர்ப் பையன் மரக்கிளை ஒன்றை ஒடித்துச் சாலையில் பின்னே தொலைவில் வைத்து, காற்றில் பறவாதிருக்கக் கற்களை அடுக்கினான். காரின் சக்கரங்களுக்கும் கல் கொடுத்தான்.

முக்கால் மணி நேரம் பொறுத்தபின் ஓட்டுநர் மூடியைத் திறந்தார். ரேடியேட்டரையும் என்ஜினையும் இணைக்கும் ரப்பர்க் குழாய் நுனியில் வெடித்திருந்தது. அதற்கு மாற்று எங்களிடம் இல்லை; அவருடைய லாரியின் குழாயோ அளவில் பெரியது. அவர் வெடித்த நுனியை ஒரு விரற்கடை அளவு வெட்டி நீக்கி, எஞ்சிய பகுதியை இழுத்துப் பொருத்தி, வளையத்தை முறுக்கினார். பின்னர்த் தம் கலத்திலிருந்த நீரைச் சிறிது சிறிதாக ஊற்றினார். “சேலம் வரை மெதுவாகச் செல்லுங்கள், அங்கே புதுக் குழாய் மாற்றுங்கள்” என்றார்.

எங்கள் ஊரைக் கேட்டறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. அவர் நாமக்கல் பக்கத்தவர். மல்லசமுத்திரத்திலிருந்து பருத்திப் பொதிகளை ஏற்றிச் சென்றவர். மருமகன் பணத்தை நீட்டினான். அவர் அதனைத் தொடவில்லை. தமக்கையார் தம் பையிலிருந்த சாத்துக்குடிகளை நீட்டினார். அவற்றுள் தமக்கொன்றும் பையனுக்கொன்றும் எடுத்துக்கொண்டார்.

இவ்வளவும் நற்செயலே. எனினும், என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது இதன்பின் நிகழ்ந்தது. நாங்கள் புறப்பட ஆயத்தமானோம். அவரோ வெயிலில் பின்னோக்கி நடந்து, சாலையிலிருந்த கிளையை அகற்றினார். கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்தார். “இவை கிடந்தால் என்ன?” என்றான் மருமகன். “பகலில் இது கல், தம்பி, இரவில் இதுவே எமன்” என்றார் அவர். எங்களுக்கு உதவியவர், தாம் காணப்போகாத எவரோ ஒருவருக்கும், இரவில் இருசக்கர வண்டியில் வரும் ஓர் ஏழைக்கும் அந்நொடியில் உதவினார். அவ்வழிப்போக்கன் அவரை அறியான். நன்றி கூறவும் மாட்டான்.

சேலத்தில் குழாய் மாற்றி, விளக்கு வைக்கும் நேரத்தில் மல்லசமுத்திரம் சேர்ந்தோம். தமக்கையார் நலமுற்றார்.

மாணவர்களே! நெடுவழி செல்வோர் மாற்றுச் சக்கரமும் குடிநீரும் எச்சரிக்கை முக்கோணமும் உடன் கொள்ளுதல் வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் உதவி வேண்டுவோர் 1033 என்னும் எண்ணை அழைக்கலாம் என்பதையும் அறிந்திருத்தல் நன்று. இவை பொருளால் ஆகும் சேம அச்சுகள். பொருள் உதவாத இடத்தில் மனிதனே மனிதனுக்குச் சேம அச்சு ஆகின்றான். பிறர் வழியில் இடருற்றுக் காணின் நின்று கேளுங்கள். உதவி முடிந்தபின், உங்களால் சாலைக்கு வந்த கல்லை நீங்களே அகற்றிச் செல்லுங்கள். முன்னது இரக்கம், பின்னது பொறுப்பு. இரண்டும் கூடிய இடத்தில்தான் அறம் நிறைவு பெறும்.