கேஜ் கிளாஸ் எங்கடா?

இ.ஐ.ஆர்.-21, இன்னும் ஓடக்கூடிய நீராவி எஞ்சின்களில் உலகத்திலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. 1855-ல் லீட்ஸ் நகரத்தில் கிட்சன், தாம்ப்சன், ஹெவிட்சன் என்ற கம்பெனி செய்தது. ராயபுரத்தில் இருந்து ஆவடி, திருவள்ளூர் வழியா வாலாஜா ரோடு வரைக்கும் நம்ம பக்கத்து முதல் ரயில் ஓடினது 1856-ல். அதாவது இந்த எஞ்சின் நம்ம லைனுக்கே அண்ணன். 1909-ல் ஓய்வு கொடுத்து, ஜமால்பூர்லயும் ஹவுராவிலும் நூறு வருஷத்துக்கு மேல காட்சிக்கு நிறுத்தி வெச்சிருந்தாங்க. துருப்பிடிச்சு, பல பார்ட்ஸ் காணாமப் போன அதை 2010-ல் மறுபடி ஓட வெச்சது நம்ம பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்.

நான் ஸ்கூல் படிக்கும்போது ஒரு சுதந்திர தினத்துக்கு எழும்பூர்ல இருந்து கோடம்பாக்கம் வரைக்கும் அதை ஓட்டினாங்க. கும்மிடிப்பூண்டியில காலையில லோக்கல் பிடிச்சு, மாமா பையனோட கேமராவோட சேத்துப்பட்டு பிளாட்ஃபார்ம்ல போய் நின்னேன்.

ஸ்டீம் எஞ்சினைப் படம் எடுக்கிறது நம்ம ஊர்ல கஷ்டம். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாத் தெரியறது அது குளிர்ந்து துளியான பிறகுதான். ஆகஸ்ட் மாச சென்னையில எங்க குளிரும்? ஊட்டி ரயில் படங்கள்ல வர்ற அந்தப் பெரிய வெள்ளை மேகம் இங்க ரெண்டு செகண்ட்ல காணாமப் போயிடும். போதாக்குறைக்கு மேல முழுக்க 25 கேவி ஒயர், கம்பம். தண்டவாளத்துல இறங்கி ஆங்கிள் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். ரயில்வே சட்டம் 147-வது பிரிவு இருக்கு, அதுக்கு முன்னாடி உங்க உயிர் இருக்கு.

முப்பது படம் எடுத்தேன். அன்னைக்கு ராத்திரி அப்பாகிட்ட காட்டினேன். அப்பா சிப்காட்ல ஒரு கம்பெனியில பாயிலர் அட்டெண்டன்ட். செகண்ட் கிளாஸ் சர்டிஃபிகேட், இருபத்து மூணு வருஷம் சர்வீஸ், விறகு போடுற பாயிலர். புகைபோக்கி, நடுவுல இருக்கிற பெரிய சக்கரம், தேசியக் கொடி எல்லாத்தையும் தள்ளிட்டே போனார்.

“கேஜ் கிளாஸ் எங்கடா?”

எட்டாவது படத்துல நின்னார். எஞ்சின் தாண்டிப் போகும்போது பக்கவாட்டுல எடுத்தது, பாதி இருட்டு. “பிளாட்ஃபார்ம் முழுக்க கை காட்டுது. இந்த ஆளு திரும்பினாரா பாரு. கண்ணு தண்ணி லெவல்லயே இருக்கு.”

நான் குப்பைன்னு அழிக்க இருந்த படம் அது.

தெர்மல் இன்ஜினியரிங்ல லோகோமோட்டிவ் பாயிலர் படம் 13 மார்க்குக்கு வரைஞ்சிருப்போம். உள்ள குழாய்கள் வழியா நெருப்போட புகை போகும், சுத்தி தண்ணி. 1829-ல் ஸ்டீபன்சனோட ராக்கெட்ல இருந்தது இதே ஐடியாதான். சிலிண்டர்ல வேலை முடிஞ்ச நீராவியை புகைபோக்கியில ஊதுவாங்க. அது காத்தை இழுத்து நெருப்பைத் தூண்டும். எஞ்சின் எவ்வளவு கஷ்டப்படுதோ, நெருப்பு அவ்வளவு பிடிக்கும். ஃபேன் கிடையாது, சென்சார் கிடையாது. ‘சுக் சுக்’ சத்தமே அந்த ஊதல்தான். ஆனா தண்ணி மட்டம் ஃபயர்பாக்ஸ் தலைக்குக் கீழ இறங்கினா, சூடு தாங்காம அந்தத் தகடு இளகிடும். பிரஷர் அதைக் கிழிச்சுட்டு வெளிய வரும். அதனாலதான் ஒருத்தர் அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

அப்பா பார்க்கிற பாயிலரும் குழாய்க்குள்ள புகை, வெளிய தண்ணி ரகம்தான். சக்கரம் மட்டும் இல்ல. நான் மெக்கானிக்கல் எடுத்ததுக்கு அந்த எட்டாவது படமும் ஒரு காரணம். இப்போ கையில இருக்கிற ஆஃபர் சாஃப்ட்வேர்ல. அப்பா அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல. “ஏசி இருக்குமில்ல?”ன்னு மட்டும் கேட்டார்.

அவர் கம்பெனியில மார்ச்சோட விறகு பாயிலரை எடுக்கிறாங்க. புதுசு கேஸ்ல ஓடும், முழு ஆட்டோமேட்டிக். புகை குறையும், நல்லதுதான். அந்த ஏரியாவுல துணி காயப் போடுறவங்களைக் கேட்டா தெரியும். அப்பாவை ஸ்டோர்ஸுக்கு மாத்தலாம்னு பேச்சு.

165 வருஷத்துக்கு மேல பழசான எஞ்சினுக்கு முப்பது படம் இருக்கு. அந்த பாயிலர் பக்கத்துல அப்பா நிக்கிற மாதிரி ஒரு படம்கூட எங்க வீட்டுல இல்ல. கேட்டுக்குள்ள போன் விடமாட்டாங்க. போன வாரம் ஒரு லெட்டர் எழுதி, அப்பா கையில கொடுத்து அனுப்பினேன்: பதினைந்து நிமிஷம், கேமரா மட்டும், ஹெல்மெட்டும் ஷூவும் நானே கொண்டு வரேன்னு. பிளான்ட் மேனேஜர் வாங்கி வெச்சிருக்காராம். அப்பா இப்பவே யூனிஃபார்மை அயர்ன் பண்ணி மாட்டி வெச்சுட்டார்.