ஆகாயத்தில் ஜாப் ஒர்க்!

ஆகாய விமானத்தில் பிரயாணம் செய்கிறவர்களை இரண்டு ரகமாகப் பிரிக்கலாம். ஜன்னல் ஓரத்து ஆசனம் வேண்டுமென்று கேட்கிறவர்கள் ஒரு ரகம். ஏறி உட்கார்ந்ததும் இஷ்ட தெய்வத்தை நினைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது ரகத்தைச் சேர்ந்தவன். ஆனால், முன்னால் சாத்தியிருக்கும் கதவுக்குப் பின்னே உட்கார்ந்திருக்கும் விமானிக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள், எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. வாசகர்களே, நீங்களும் யோசித்திருக்க மாட்டீர்கள். பஸ்ஸில் மீதிச் சில்லறைக்குச் சண்டை போடவே நமக்கு நேரம் போதவில்லை!

என்னை யோசிக்க வைத்தது, அம்பத்தூரில் எங்கள் எதிர் வீட்டுத் திண்ணை.

எதிர் வீட்டுப் பெரியவருக்கு வயது அறுபதுக்கு மேல். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நாலு லேத் போட்ட சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். 1964-இல் பேட்டை தொடங்கிய புதிதில் அவருடைய தகப்பனார் அங்கே ஃபிட்டராகச் சேர்ந்தாராம். பிள்ளை காலத்தில் சொந்தப் பட்டறை ஆயிற்று. பெரிய கம்பெனிக்காரர்கள் டிராயிங் கொடுப்பார்கள். இவர் அதன்படி புஷ்ஷும் பின்னும் கடைந்து கொடுப்பார். பேட்டை பாஷையில் அதற்கு 'ஜாப் ஒர்க்' என்று பெயர்.

பெரியவருக்கு ஒரே பெண். லேத் சத்தத்தில் வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு விமானச் சத்தத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. விமானி லைசென்சுக்கு இருநூறு மணி நேரம் பறந்து காட்ட வேண்டும். அதற்கும், குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டப் பழகுவதற்கும் சேர்த்து அரைக் கோடி ரூபாய்க்கு மேல் ஆயிற்று. வீட்டுப் பத்திரம் பாங்கிக்குப் போயிற்று. லைசென்சு வந்தது, வேலை வரவில்லை. இரண்டு வருஷம் ஓடின. "பொண்ணு என்ன பண்றா?" என்று யாராவது விசாரித்தால், "பறந்துக்கிட்டிருக்கா" என்று பெரியவர் மிடுக்காகச் சொல்லுவார். அதே சமயம் அவள் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருப்பாள்!

சென்ற ஆண்டு ஒரு வழியாக உத்தரவு வந்தது. கம்பெனியின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சின்ன ஊர்களுக்கு விசிறி விமானம் ஓட்டுகிற வேலை. ஜெட் ஓட்டுகிறவர்களின் சம்பளத்தைவிட வெகுவாகக் குறைவு. ஐந்து வருஷ ஒப்பந்தம். கையெழுத்துப் போட ஒரு வாரம் அவகாசம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு படித்த இரண்டு பேர் வந்திருந்தார்கள். திண்ணையில் விவாதம் அனல் பறந்தது. காப்பி குடிக்கிற சாக்கில் நானும் போய் உட்கார்ந்தேன்.

"கையெழுத்துப் போடாதே!" என்றான் ஆவடிப் பையன். "இன்னிக்கு நாம மூணு பேரும் குறைஞ்ச ரேட்டுக்குப் போனா, நாளைக்குப் பெரிய கம்பெனிக்காரன் என்ன நினைப்பான்? இந்த வேலையை வெளியிலே கொடுத்தால் மலிவாச்சேன்னு நினைப்பான்." அவன் கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு. அவனுடைய தகப்பனாருக்கு ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை. சர்க்காரின் படைக்கலத் தொழிற்சாலைகளெல்லாம் 2021 அக்டோபர் 1-ந் தேதி ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன அல்லவா? "ராத்திரி சர்க்கார் ஆளாகப் படுத்தவர், காலையில் கம்பெனி ஆளாக எழுந்தார்" என்றான்.

பூந்தமல்லிப் பெண் வேறு கட்சி. "சம்பளம் கிடக்கட்டும். நமக்கு வேண்டியது மணிக்கணக்கு. 1500 மணி நேரம் பறந்தால்தான் காப்டன் லைசென்சு. வீட்டில் உட்கார்ந்திருந்தால் கணக்கு ஏறுமா?"

பெரியவர் கனைத்துக்கொண்டார். "நான் ஒண்ணு சொல்லட்டுமா, தம்பி? வெளியிலே வேலை கொடுக்கிறது பாவம்னா, என் பட்டறையே பாவத்திலே நடக்குது. பெரிய கம்பெனிக்காரன் எல்லாத்தையும் தானே கடைஞ்சுக்கிட்டா எனக்கு ஏது சோறு? இவளுக்கு ஏது லைசென்சு? ஜெட்டுக்காரன் சம்பளம் கொடுத்தா, சேலத்துக்கு எவன் விமானம் விடுவான்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சேலத்துக்கு 2018-இல் சர்க்காரின் 'உடான்' திட்டத்தில் விமானம் வந்தது, 2021-இல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. சிற்றூர் விமானம் என்பது அப்படிப்பட்ட நோஞ்சான் குழந்தை.

விடை தெரியாத கேள்வி காதில் விழுந்துவிட்டால் பத்திரிகைக்காரனுக்குத் தூக்கம் வராது. பழைய சமாசாரங்களைப் புரட்டினேன். ஆகாயத்தில் ஜாப் ஒர்க் புதிய விஷயமே அல்ல!

1981-இல் இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் சேர்ந்து 'வாயுதூத்' என்ற கம்பெனியை ஏற்படுத்தின. வடகிழக்கு மாகாணங்களின் சின்ன ஊர்களுக்காகப் பிறந்தது, பிற்பாடு நம் நெய்வேலிவரை பறந்தது. நஷ்டம் தாங்காமல் 1993-இல் இந்தியன் ஏர்லைன்ஸிலேயே சேர்க்கப்பட்டது. 1996-இல் இந்தியன் ஏர்லைன்ஸ் 'அலையன்ஸ் ஏர்' என்ற துணைக் கம்பெனியைத் தொடங்கி, தன்னுடைய பழைய போயிங் 737 விமானங்களை அதற்கு மாற்றிக் கொடுத்தது. பிற்காலத்தில் அலையன்ஸ் ஏர் சின்ன ஏ.டி.ஆர். விமானங்களையும், எழுபது ஆசனச் சி.ஆர்.ஜே. ஜெட்டுகளையும் ஓட்டிற்று. 'ஏர் இந்தியா ரீஜினல்' என்ற பெயரிலும் பறந்தது. 2022-இல் ஏர் இந்தியா டாட்டாவின் கைக்குப் போனபோது, இது மட்டும் சர்க்காரிடம் தங்கிவிட்டது.

ஒரே கூரையின் கீழ் இரண்டு சம்பளம் என்றால் என்ன நடக்கும்? கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை! 2007-இல் இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் இணைந்தன. பெயர் ஒன்றாயிற்று, சம்பளம் ஒன்றாகவில்லை. 2011 ஏப்ரல் 27-ந் தேதி, சமமான சம்பளம் கேட்டு, பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறு வருஷம் பழைய ஏர் இந்தியா விமானிகளின் முறை. புதிய போயிங் 787-ஐ ஓட்டும் பயிற்சியை மற்றவர்களோடு பங்கிட்டுக் கொள்வதா என்று தகராறு. அது 58 நாள் நீடித்தது.

அமெரிக்காவில் இந்த ஜாப் ஒர்க் கடல் போல் பெருகியிருக்கிறது. 1978-இல் விமானத் தொழிலின் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு, பெரிய கம்பெனிகள் சின்ன ஊர்ப் பிரயாணங்களைச் சின்னக் கம்பெனிகளிடம் விட ஆரம்பித்தன. விமானத்தின் மேல் பெரிய கம்பெனியின் வர்ணம். டிக்கெட்டிலும் அதன் பெயர். ஓட்டுகிறவர்கள் வேறு கம்பெனி, வேறு சம்பளம். பெரிய கம்பெனி விமானிகளின் சங்கங்கள் விழித்துக்கொண்டன. இத்தனை ஆசனத்துக்கு மேற்பட்ட விமானத்தை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே வரம்பு கட்டின. பல ஒப்பந்தங்களில் அந்த வரம்பு 76 ஆசனம். அந்த எண்ணுக்காக இரு தரப்பும் பேரம் பேசாத காலமே இல்லை.

2009 பிப்ரவரி 12-ந் தேதி இரவு, பஃபலோ என்ற ஊருக்கு அருகே ஒரு விசிறி விமானம் வீட்டின் மேல் விழுந்தது. ஐம்பது பேர் மாண்டார்கள். பிரயாணிகள் வாங்கியது 'கான்டினென்டல்' என்ற பெரிய பெயர் போட்ட டிக்கெட்டு. ஓட்டியதோ 'கோல்கன்' என்ற சின்னக் கம்பெனி. வேகம் குறைந்துவிட்டதாக எச்சரிக்கை வந்தபோது காப்டன் தப்பாகக் கையாண்டதுதான் விபத்துக்குக் காரணம் என்று விசாரணையில் முடிவாயிற்று. ஆனால் அந்த விசாரணையில் வேறு சங்கதிகளும் வெளியாயின. துணை விமானி முந்தின இரவு தேசத்தின் மறு கோடியிலிருந்து விமானம் மாறி மாறி வேலைக்கு வந்திருந்தாள். அவளுடைய சம்பளம் எவ்வளவு சொற்பம் என்பது ஊரெல்லாம் பேச்சாயிற்று. களைப்பும் இருவரையும் பாதித்திருக்கலாம் என்று விசாரித்தவர்கள் எழுதினார்கள். 2010-இல் சட்டம் வந்தது. துணை விமானிக்கும் 1500 மணி நேர அனுபவம் வேண்டும். டிக்கெட்டு விற்கும்போதே, உண்மையில் ஓட்டுகிற கம்பெனி எது என்று சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை இரவு திண்ணைக்குப் போனேன். தகப்பனும் பெண்ணும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தகப்பனார் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்க கடைகிற புஷ் மேலே யார் பேரு இருக்கும்?"

"கம்பெனி பேருதான்."

"அது உடைஞ்சு போச்சுன்னா?"

பெரியவர் சற்று யோசித்தார். "அப்போ என் பேரு" என்றார்.

"தப்பான புஷ்ஷைத் திருப்பி அனுப்புவாங்க. வேற கடைஞ்சு கொடுப்பீங்க. நான் தப்பா இறக்கினா, எங்கேப்பா திருப்பி அனுப்புவாங்க?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. மைக்ரோமீட்டரை நாற்பது வருஷம் திருகிய விரல்கள் வேட்டி முனையைத் திருகிக்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். கொள்கையில் தோற்றுப்போனாள் என்று சொல்லாதீர்கள். பாங்கித் தவணைக்குக் கொள்கை தெரியாது. ஐந்தாம் தேதி மட்டும் தெரியும். ஆவடிப் பையன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அப்புறம் அவனும் போட்டுவிட்டான்.

வேலையைப் பங்கு போட்டுக் கொடுப்பது தப்பு என்று நான் வாதாட மாட்டேன். அம்பத்தூரில் குடியிருந்துகொண்டு அப்படிச் சொன்னால், பேட்டைக்காரர்கள் அடிக்க வருவார்கள். எங்கள் பத்திரிகையில்கூடப் படம் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்குகிற ஓவியர் உண்டு. கதை என்றதும் வாசகர்கள் முதலில் பார்ப்பது அவருடைய படத்தைத்தான். ஆனால் வேலையைப் பங்கு போடலாம். பொறுப்பைப் பங்கு போட முடியாது. பெரிய பெயரைக் காட்டி டிக்கெட்டு விற்கிறவர்கள், அந்தப் பெயருக்குத் தகுந்த பயிற்சியும் ஓய்வும் சம்பளமும் ஓட்டுகிறவருக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. டிக்கெட்டில் சின்ன எழுத்தில் ஓட்டுகிற கம்பெனியின் பெயர் இருந்தால், அதையும் ஒரு தடவை படித்துவிடலாம். கட்டணம் குறைந்தால் சந்தோஷப்படுகிற நாம், அது எங்கே குறைந்தது என்றும் கேட்கலாம்.

இப்போதெல்லாம் சாயங்காலத்தில், பூந்தமல்லிப் பக்கம் ஒரு விமானம் விளக்கைப் போட்டுக்கொண்டு மீனம்பாக்கத்துக்குத் தாழ்ந்து போனால், எதிர் வீட்டுப் பெரியவர் திண்ணையை விட்டு எழுந்து நிற்கிறார். அதில் இருப்பது அவருடைய பெண்தானா என்று அவருக்குத் தெரியாது. இருந்தாலும், அது கண்ணுக்கு மறைகிறவரையில் உட்காருவதில்லை.

போன வாரம் நானும் பக்கத்தில் நின்றேன். "தம்பி, உனக்கு என்ன?" என்றார்.

"அதில் யாராவது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, ஐயா!" என்றேன்.