நாசில் யார் கையில்?

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் தீத்தொண்டு வாரம். ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையிலும் அந்த வாரம் போட்டி நடக்கும். விசில் ஊதியதும் ஹோஸை விரித்து, ஹைட்ரன்டில் பொருத்தி, நாசிலை மாட்டித் தண்ணீரால் இலக்கைச் சாய்க்க வேண்டும். குறைந்த நேரத்தில் சாய்க்கும் அணிக்குக் கோப்பை.

எங்கள் லைனில் பாதிக்கு மேல் பெண்கள். போட்டி அணியில் எங்களுக்குக் கிடைப்பது முதலுதவிப் பெட்டியும் ஸ்ட்ரெச்சரும். "தண்ணி வந்தா ஹோஸ் உதறும்மா, உங்களால பிடிக்க முடியாது" என்பார் பயிற்சி தரும் அண்ணன். உதறும், உண்மைதான். அதற்காகத்தான் நாசில் பிடிப்பவருக்குப் பின்னால் இன்னொருவர் நின்று தாங்குகிறார். ஆண்களுக்கும் அப்படித்தான்.

பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் 2003இலேயே தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் அதிகாரிகளானவர்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலகத்தில் தீயோடு போராடிப் பிரியா படுகாயமடைந்தார். அதற்குப் பிறகும் எங்களிடம் இந்தக் கேள்வி!

இந்த ஆண்டு கேட்டு வாங்கினோம். நான் நாசில், என் தோழி பின்னால். மூன்றாவது இடம். கோப்பை இல்லாவிட்டால் போகட்டும். இரவு ஷிப்டில் எங்கள் லைனில் தீப்பிடித்தால் பக்கத்தில் நிற்கப்போவது நாங்கள்தான். ஆண்களைத் தேடி ஓட அப்போது நேரம் இருக்காது.