பன்னிரண்டாம் மாதம்

மும்பையில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் சேமிப்பு நெடுங்காலம் அவரவர் இருப்பிடத்தை ஒட்டியே அமைந்திருந்தது. தாராவியில் சீட்டு, மாட்டுங்காவில் அஞ்சலகச் சான்றிதழும் ஆயுள் காப்பீடும், செம்பூரில் இவற்றோடு வங்கி வைப்புத் தொகையும். கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு நாள்தோறும் சென்று வந்த நாம், தலால் தெருவைக் கடந்து போனோமேயன்றி அங்கே நின்றதில்லை.

அந்தத் தயக்கத்தைப் போக்கியது மென்பொருள் தொழிலே. எஃகும் சிமெண்டும் யாரோ நடத்துபவை. கணிப்பொறி நிறுவனங்களிலோ நம் பிள்ளைகளே வேலை பார்த்தனர். 1993 பிப்ரவரியில் இன்போசிஸ் தன் பங்கை 95 ரூபாய்க்கு வெளியிட்டபோது போதிய விண்ணப்பங்கள் வரவில்லை. அதே பங்கு ஜூன் மாதம் 145 ரூபாய்க்குச் சந்தையில் நுழைந்தது. அன்று வாங்கி இன்றளவும் வைத்திருப்பவரின் கதையைச் சொல்லாத கல்யாணப் பந்தி மாட்டுங்காவில் இல்லை. மறு ஆண்டே விற்றவரின் கதையை மட்டும் யாரும் சொல்வதில்லை. அவர்கள்தாம் எண்ணிக்கையில் மிகுதி என்பது எங்கள் ஊகம்.

எப்போது வாங்குவது என்பதைவிட எப்போது விற்பது என்பதே கடினம். ஏனெனில் விற்கும்போது இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன: ஒன்று சந்தையுடையது, மற்றொன்று வருமான வரிச் சட்டத்துடையது. பங்கைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் ஆதாயம் நீண்டகாலத்தது, இல்லையேல் குறுகியகாலத்தது. வரி விகிதம் அதற்கேற்ப மாறும். இரண்டாவது கடிகாரம் துல்லியமானது, முதலாவதை யாராலும் படிக்க இயலாது. ஆகவே மனிதர்கள் படிக்க முடிந்ததையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள்.

2000-ஆம் ஆண்டில் இதைக் கண்கூடாகக் கண்டோம். பிப்ரவரியில் சென்செக்ஸ் 6,000 புள்ளிகளைத் தாண்டியது. எங்களோடு துறைமுக வழித்தட வண்டியில் நாள்தோறும் பயணம் செய்த நண்பர் ஒருவர், முந்திய ஜூன் மாதம் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பங்குகளை வாங்கியிருந்தார். விலை மூன்று மடங்காகியிருந்தது. மகளின் திருமணம் அடுத்த தையில். விற்றுவிடலாமே என்றோம். குறுகியகால ஆதாயம் அந்நாளில் ஏனைய வருமானத்தோடு சேர்ந்து, மேல்நிலையில் 30 விழுக்காடு வரை வரிக்குட்பட்டது. பன்னிரண்டு மாதம் கடந்தால் 10 விழுக்காட்டோடு முடிக்க வழியிருந்தது. நான்கு மாதம் பொறுத்தால் ஒரு நகையின் விலை மிச்சம் என்று அவர் கணக்கிட்டார். கணக்கில் பிழையில்லை. ஆனால் மார்ச் 10 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு உச்சத்தைத் தொட்டுக் கீழிறங்கியது. இங்கும் மென்பொருள் பங்குகள் சரிந்தன. ஜூன் மாதம் அவருக்கு உரிய சலுகை வந்தது. சலுகை பெறுதற்குரிய ஆதாயம் பெரும்பகுதி போயிற்று. திருமணம் கடனில் நடந்தது. அந்த நாஸ்டாக் தன் பழைய உச்சத்தைத் திரும்பக் காண 2015 வரை ஆயிற்று.

திருக்குறளில் காலமறிதல் 49-ஆம் அதிகாரம். அதற்கு முன் நிற்பது வலியறிதல். இந்த வரிசையை நாங்கள் பின்னரே கவனித்தோம். எவ்வளவு இழப்பைத் தாங்குவோம், பணம் எந்த நாளில் தேவை என்பவை தெரிந்த பிறகே காலத்தைப் பற்றிய கேள்வி எழ வேண்டும்.

சட்டமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. டி.சி.எஸ். பங்கு 850 ரூபாய்க்கு வெளியாகி, 2004 ஆகஸ்ட் 25 அன்று சந்தைக்கு வந்தது. அக்டோபர் 1 முதல் சந்தையில் விற்கும் பங்குகளின் நீண்டகால ஆதாயத்துக்கு வரியே இல்லை என்றாயிற்று. 2018 ஏப்ரலில் 10 விழுக்காடாக அது திரும்பி வந்தது. 2024 ஜூலை 23 முதல் நீண்டகாலத்துக்கு 12.5, குறுகியகாலத்துக்கு 20 விழுக்காடு; நீண்டகால ஆதாயத்தில் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை விலக்கு.

செம்பூரில் எங்கள் குடியிருப்பில் வாழும் மூதாட்டி ஒருவரிடம், மறைந்த கணவர் வாங்கிய 14 டி.சி.எஸ். பங்குகள் இருந்தன. 2006, 2009, 2018 ஆகிய ஆண்டுகளின் போனஸால் அவை 112 ஆகியிருந்தன. பேரனின் கல்லூரிக் கட்டணத்துக்காக 2025 மார்ச் இறுதியில் அனைத்தையும் விற்க நினைத்தார். விலை 3,600 ரூபாய் அளவில் இருந்தது.

கணக்கு நுட்பமானது. 2018 ஜனவரி 31-க்கு முன் கைக்கு வந்த 56 பங்குகளுக்கு, அந்நாளின் சந்தை விலையையே அடக்கவிலையாகக் கொள்ளலாம். அது 3,100 ரூபாய்க்கு அண்மையில் இருந்தது. ஆதலால் அவற்றில் ஆதாயம் சொற்பம். அவ்வாண்டின் இடையில் வந்த போனஸ் பங்குகள் 56-க்கும் அடக்கவிலை சுழியம்; விற்ற தொகை முழுவதும் ஆதாயம். டிமாட் கணக்கில் முந்தி வந்ததே முந்தி விற்றதாகக் கொள்ளப்படும். ஆகவே மார்ச்சில் ஒரு பகுதியும் ஏப்ரலில் ஒரு பகுதியும் விற்றால் இரண்டு ஆண்டுகளின் விலக்கும் கிடைத்து, வரியே இராது. ஒன்றாக விற்றால் 13,000 ரூபாய்போல் வரி. இரண்டையும் தாளில் எழுதி அவர் முன் வைத்தோம்.

அவர் தாளை நெடுநேரம் பார்த்தார். "ஏப்ரலிலும் இதே விலை இருக்கும் என்று எழுதித் தருவீர்களா, தம்பி?" என்றார்.

தர இயலாது என்றோம். "அப்படியானால் விற்றுவிடுங்கள். வரி என்ன என்பது தெரிகிறது, மற்றது தெரியவில்லை" என்றார்.

ஏப்ரல் 2 அன்று அமெரிக்கா இறக்குமதி வரிகளை அறிவித்தது. 7-ஆம் நாள் அந்தப் பங்கு 3,300-க்கும் கீழே கிடந்தது. செய்தியைச் சொல்லச் சென்றபோது அவர் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கட்டணம் கட்டிய ரசீதை எடுத்துக் காட்டினார். வரிக்கென 13,000 ரூபாயைத் தனியே ஒரு உறையில் போட்டு, மேலே அதன் தொகையையும் எழுதி வைத்திருந்தார்.